நாரி நோ

எங்கள் ஊர் ஆண்களுக்கு நோவதெல்லாம் நாரியில்தான். இடுப்பின் பின்பக்கத்தைத்தான் நாரி என்போம். தோட்டம் கொத்துகிறவருக்கும் நாரி நோ, அரசாங்கக் கந்தோரில் கதிரையில் இருந்து எழுதுகிறவருக்கும் நாரி நோ. என் கணவரும் அப்படிச் சொன்னபோது நம்பினேன். நம்பியது மட்டுமா, குப்புறப் படுக்கவைத்து நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தும் விட்டேன். சுகமோ என்று கேட்டால் கொஞ்சம் சுகம் என்பார்.

எங்களுடையது வெங்காயத் தோட்டம். உழவு மெசினில் ஏறினால் பாதி வேலையில் இறங்கிவிடுவார். குழி விழுந்த ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை நின்றுகொண்டே ஓட்டி வருவார். சர்க்கஸில் சேரலாமே என்று பகிடி பண்ணியிருக்கிறேன்.

ஆனால் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாரே, அதில் எனக்குப் பகிடி வரவில்லை. கை பட்டால் விலகுவார். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, வேறு யாரையோ மனதில் வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். குசினியில் கறிக்கு அரிந்துகொண்டே அழுதால் வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாம் என்ற வசதி மட்டும் இருந்தது.

ஒருநாள் எங்கள் சின்ன மகள் ஓடிவந்து அவர் மடியில் பாய்ந்தாள். மனிசன் வெளிறிப்போய்ச் சரிந்தார். அவருடைய கை போன இடம் நாரி அல்ல. பிள்ளையைத் தூக்கிவிட்டு எங்கே நோகிறது என்று கேட்டேன். நாரி என்றார்.

"நாரி என்ன, முன்னுக்கோ கிடக்கு?"

அதன் பிறகுதான் சொன்னார். விதையில் நோ. சில வருஷமாக.

வெங்காயம் செய்கிற வீட்டில் நாள் முழுக்க விதை, விதை என்றுதான் பேச்சு. அந்தச் சொல்லைத் தன் உடம்புக்குச் சொல்ல மட்டும் இவருக்கு வாய் வரவில்லை. வழக்குப் பேசும் அப்புக்காத்திடமும் டொக்டரிடமும் பொய் சொல்லக்கூடாது என்பார்கள். இவர் டொக்டரிடமும் நாரி என்று சொல்லி, முதுகெலும்பைப் படம் பிடித்து, எலும்பெல்லாம் திடம் என்று கேட்டுக்கொண்டு வந்தவர்.

அடுத்த முறை நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நானே சொன்னேன். டொக்டர் சிரிக்கவில்லை. ஸ்கானில் கட்டியில்லை, கிருமியும் இல்லை. மாதக்கணக்கில் குடித்த மருந்துக்கும் நோ கேட்கவில்லை. பிறகு கவட்டுப் பக்கமாக, மரத்துப்போக ஒரு விறைப்பூசி போட்டுப் பார்த்தார். அன்று பொழுதுபடும்வரை நோ இல்லை. மனிசன் முற்றத்தில் சும்மா நடந்துகொண்டே இருந்தார்.

ஊசிக்கு நோ அடங்கியதால், நோவை மூளைக்குக் கொண்டுபோவது அங்கேயுள்ள மெல்லிய நரம்புகள்தான் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நுணுக்குக்காட்டியில் பார்த்து அவற்றை வெட்டிவிடலாம், இரத்தக் குழாயைத் தொடமாட்டோம் என்றார். பலருக்குக் குறையும், எல்லோருக்கும் முற்றாகப் போகும் என்று வாக்குத் தரமாட்டேன் என்றும் சொன்னார்.

வெளியே வந்த பிறகுதான் இவர் என்னிடம் கேட்டார், நரம்பை வெட்டினால் நான் ஆம்பிளையாய் இருப்பேனோ என்று. கையைப் பிடித்து உள்ளே திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார். வீதிக்கு வந்ததும் ஏன் எனக்கு மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"சொன்னால் நீ என்னைக் குறைவாய் நினைப்பாய் எண்டு பயந்தனான்."

"நீங்கள் என்னை வெறுத்துப்போட்டியள் எண்டெல்லோ நான் நினைச்சன்."

சனம் பார்க்கப் பார்க்க அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்தார்.

சத்திரசிகிச்சை நடந்தது. முதலில் வீக்கம், வலி, எல்லாவற்றிலும் எரிச்சல். பிறகு நோ மெல்ல மெல்லக் கழன்றது. இப்போதும் எப்போதாவது சுண்டும். ஆனால் அவர் சுவரைப் பார்த்துப் படுப்பதில்லை.

அவர் திரும்பவும் தோட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தபோது, பக்கத்து வளவு அண்ணை பிஸ்கற் பெட்டியோடு சுகம் விசாரிக்க வந்தார். என்ன ஒப்பரேசன் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு நாரி என்றேன்.

"நாரியில்லை அண்ணை," என்றார் இவர். "விதை. கனகாலமாய் நோ. நரம்பை வெட்டினவை."

அண்ணை பிஸ்கற் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தங்கச்சி, ஒரு தேத்தண்ணி போடுவியளோ?" என்றார்.

குசினிக்குப் போனேன். அங்கிருந்தே அண்ணையின் தணிந்த குரல் கேட்டது.

"தம்பி, உந்த டொக்டர் என்ன நாளிலை இருக்கிறவர்?"

கேத்தில் கொதித்தது. அவர்கள் கதைக்கட்டும் என்று நான் இறக்காமல் நின்றேன்.