சிந்தவிட்ட மல்லாட்டை

அறுவடை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்க ஏழை விதவை ரூத் வருகிறாள் என்று தெரிந்ததும், நிலத்துக்காரர் போவாஸ் தன் ஆட்களைக் கூப்பிட்டு, கட்டி வைத்த கதிர் அரிகளிலிருந்தே கொஞ்சம் உருவி வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னார். ஞாயிறு பள்ளி அக்கா இதைச் சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில்தான் எனக்குப் பளிச்சென்று பட்டது. எங்கள் அத்தையைச் சாப்பிட வைக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அது இதுதான். எழுந்து நின்று கத்தியிருப்பேன். பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் கத்தக் கூடாது என்று போன வாரம்தான் எச்சரித்திருந்தார்கள்.

அப்போது நான் ஐந்தாவது படித்தேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். ஞாயிறு பள்ளியில் கொடுக்கும் பாடத்தாளின் அடியில் ‘இந்த வாரம் நான் செய்யப்போவது’ என்று அச்சடித்து ஒரு கோடு போட்டிருக்கும். மற்ற பிள்ளைகள் ‘ஜெபிப்பேன்’, ‘கீழ்ப்படிவேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு மிட்டாய்க்கு ஓடிவிடுவார்கள். நான் அந்தக் கோட்டை நம்பினேன். பத்து நாள் காய்கறி மட்டுமே தின்ற தானியேலின் புத்தகம் நடந்தபோது, நானும் பத்து நாள் சத்துணவு முட்டையைத் தொடவில்லை. பக்கத்தில் உட்காருகிறவள் பத்து நாளும் இரண்டிரண்டாகத் தின்றுவிட்டு என் விசுவாசத்தை மிகவும் பாராட்டினாள். ஏழு நாள் சுற்றி வந்தே எரிகோ மதிலை விழவைத்த யோசுவா நடந்தபோது, எங்கள் ஆட்டைக் கல்லால் அடித்தவர் வீட்டு மதிலை ஆறு நாள் சுற்றினேன். ஏழாம் நாள் ஊதலோடு போனதும் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மதில் இன்றும் நிற்கிறது.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பாவின் ஒரே தங்கை. அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விழுப்புரத்தில் ஜவுளிக்கடையில் கூட வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டார். “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத” என்று அப்பா சொன்னாராம். மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, நாலு வயதுப் பையனோடு ஊருக்குத் திரும்பி, எங்கள் தெருவின் கடைசியில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு வந்தார். அண்ணன் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினார். வாசப்படியை மிதிக்கவில்லை. அப்பாவுக்கோ சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வித்தை தெரியாது. கோயிலில் அப்பா முன் வரிசைப் பாயில், அத்தை கடைசிப் பாயில். ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்த்தும் நேரம் வந்தால், அப்பாவுக்கு மட்டும் வேட்டி அவிழ்கிற மாதிரி ஆகிவிடும். குனிந்து சரிசெய்துகொண்டே இருப்பார்.

அம்மா என்னிடம் குழம்புக் கிண்ணம் கொடுத்தனுப்புவார். அத்தை மூடியைத் திறக்கக்கூட மாட்டார். “எங்க வூட்ல சோறு ஆச்சின்னு சொல்லு பாப்பா.” ஆகியிருக்காது என்று எனக்கே தெரியும். அடுப்பில் சாம்பல்கூடச் சூடாக இருக்காது. பையன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அத்தையின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கும்.

“உடம்பு பாதியா பூட்ச்சி அதுக்கு. ஒரு வார்த்த கூப்ட்டா இன்னா கொறஞ்சா பூடும்?” என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

அப்பா பட்டன் போனைத் தட்டிக்கொண்டே, “ஏன், அவளுக்கு வாயில்லையா?” என்றார்.

இங்கேதான் ரூத் வந்தாள். எங்கள் பக்கம் கொல்லை என்றால் மழையை நம்பிய மேட்டு நிலம். அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும்போது செடியோடு வராமல் மண்ணுக்குள் தங்கிவிடும் காய்க்குத் தப்பு என்று பெயர். பிடுங்கி முடிந்து, ஒரு மழை பெய்து மண் இளகியதும் கொல்லைக்காரர் தப்பை விட்டுவிடுவார். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் இறங்கித் தோண்டலாம், கிடைத்தது அவரவருக்கு. அதில் யாரும் கொடுத்ததும் கிடையாது, யாரும் வாங்கியதும் கிடையாது. கிண்ணத்தைத் திருப்பி அனுப்பும் அத்தை, ஊரில் எந்தக் கொல்லையில் தப்பு விட்டாலும் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போவார். அந்த வருடம்தான் நாங்கள் முதன்முறையாக ஒரு துண்டு கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டிருந்தோம். அதுவரை அடுத்தவர் கொல்லையில் பிடுங்கியும் பொறுக்கியுமே பழகிய குடும்பம். நேற்று வரை ரூத்தாக இருந்தவர்கள் இப்போது போவாஸ். கோட்டில் ‘சிந்தவிடுவேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் கொல்லையில் பிடுங்கியது அம்மா. அம்மா பிடுங்கிய இடத்தில் எறும்புக்குக்கூட ஒன்றும் மிஞ்சாது. வெள்ளிக்கிழமை மழை பெய்தது. சனிக்கிழமை தப்பு விடுவதாக அப்பா சொல்லிவிட்டார். போய்ப் பொறுக்கினால் அத்தைக்கு மண்தான் கிடைக்கும். நான் யோசித்தேன். போவாஸ் என்ன சொன்னார்? கட்டி வைத்ததிலிருந்தே உருவச் சொன்னார். அப்படியானால் மூட்டையிலிருந்தே எடுக்கலாம். அறையில் இரண்டு மூட்டைகள் இருந்தன. வேதம் நல்லதையே கொடுக்கச் சொல்கிறது என்பதால், காய் பெரிதாக, ஒரே அளவாக இருந்த மூட்டையை அவிழ்த்தேன்.

சனிக்கிழமை காலை, அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம், பள்ளிக்கூடப் பையில் காயை அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். வேப்பமர மூலையில் குழி குழியாகத் தோண்டி, குழிக்கு ஐந்தாறாகப் போட்டு மூடினேன். திரும்பும் வழியில் அத்தை வீட்டில் எட்டிப் பார்த்தேன்.

“அத்த, எங்க கொல்லில தப்பு வுட்டாச்சி. வேப்பமரத்து மூலைல நெறைய கெடக்குதாம்.”

“யாரு சொன்னா?”

“எல்லாருந்தான் சொல்லிக்கினு கீறாங்க.”

அத்தை பையனுக்குத் தலை வாரப் போய்விட்டார். அண்ணன் கொல்லை என்பதால் வராமலே இருந்துவிடுவாரோ என்று, கொல்லைக்குத் திரும்பிப் போய் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகு, கும்பலுக்குக் கடைசியாக வந்தார். அதற்குள் மேட்டுத் தெரு ஆயா ஒருத்தி வேப்பமரத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.

“ஆயா, அங்க போவாத! பாம்பு!”

“பாம்பா? எம்மாம் பெருசு?”

“ரெண்டு!”

பொய்தான். அன்று இரவு ஜெபத்தில் அதைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக அந்த மூலைக்குப் போனார். பாம்புக்குப் பயப்படவில்லை. குந்தி உட்கார்ந்து களைக்கொட்டால் கிளறினார். ஒரு காயை எடுத்தார். மண்ணைத் துடைத்தார். காதோரம் வைத்து ஆட்டினார்.

அப்போதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. ஈர மண்ணிலிருந்து எடுக்கிற காய் ஆட்டினால் சத்தம் போடாது. நான் புதைத்தது மாடியில் ஐந்து நாள் காய்ந்த காய். கலகலவென்று அது ஆடிய சத்தம் மரத்துக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது. அத்தை குழியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். பிறகு ஒவ்வொரு குழியாகக் கிளறி எல்லாவற்றையும் துண்டில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா அறைக்குள்ளிருந்து கத்தினார். “வெதைக்காய் மூட்டைய எவன் அவுத்தது?”

அடுத்த பட்டத்தில் விதைக்க என்று பொறுக்கி எடுத்து வைத்த மூட்டையாம் அது. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“எலியா இருக்கும்” என்றார் அம்மா.

“எலி கவுற அவுத்துட்டு திரும்ப முடிச்சி போடுமா?”

அந்த நேரத்தில்தான் அத்தை வந்தார். ஒரு கையில் பையன், ஒரு கையில் துண்டு மூட்டை. வாசப்படிக்கு வெளியே, சரியாக ஒரு அடி தள்ளி நின்றார்.

“ண்ணா.”

ஊருக்குத் திரும்பி வந்த ஆறு மாதத்தில் முதல் வார்த்தை. அப்பா வெளியே வந்தார். அத்தை துண்டை அவிழ்த்துக் காட்டினார்.

“குடுக்கறதுன்னா நேரா குடுக்கறது. வெதைக்காய எவனாச்சும் கொல்லில பொதைப்பானா?”

அப்பா காயைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு, கதவுக்குப் பின்னால் நகக்கண்ணெல்லாம் செம்மண்ணோடு நின்ற என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“வெதைய மண்ணுல போடாம பின்ன எங்க போடுவாங்க?” என்றார் அப்பா.

“தோலு உரிக்காமயா?”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அத்தை சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

“உள்ள வா,” என்றார் அப்பா. அத்தை அசையவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “வாசப்படிய மிதிச்சிக்கினுதான் வாயேன். ஒண்ணும் தேஞ்சி பூடாது.”

அத்தை மிதித்தார். பையன் அதற்கு முன்பே அம்மாவின் சோற்றுத் தட்டை அடைந்துவிட்டான். விதைக்காயை மூட்டையில் திரும்பக் கொட்டிவிட்டு, எங்கள் வீட்டில் உட்கார்ந்து அத்தை இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், என்னைத் தவிர. செய்தது நான், பெயர் அப்பாவுக்கு. தான் செய்யாத நன்மையைத் தன் பெயரில் போட்டுக்கொண்டாரே, பொய் சொன்ன இடத்திலேயே செத்து விழுந்த அனனியா சப்பீராளுக்கு நேர்ந்தது நேர்ந்தால் என்ன செய்வது என்று பல நாள் அப்பாவைக் கவலையோடு கவனித்து வந்தேன். அவர் நன்றாகவே இருந்தார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை, ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

விழுப்புரத்தில் பி.எட். படித்தபோது, ஒரு விடுமுறையில் அத்தையிடம் உண்மையை உடைத்தேன். அத்தை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவே இல்லை.

“தெரியுமே. குழி ஒவ்வொண்ணும் டம்ளர் அகலம். உங்கப்பன் கை முறம் மாதிரி இருக்கும். ஒன் செருப்புத் தடம் வேற. அதுல ரெண்டு பாம்பாம்!”

“அப்புறம் ஏன் அப்பாதான் பொதைச்ச மாதிரி வந்து கேட்ட?”

“வேற இன்னா சொல்லிக்கினு அந்த வூட்டாண்ட வர்றது?” என்று சொல்லிவிட்டு, உரித்த பருப்பை ஒரு கை அள்ளி என் பக்கம் தள்ளினார்.

சிந்தவிட்டது நான் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் வாசப்படிக்கு வெளியே நின்று, அப்பா குனிந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அத்தையும் ஒரு வார்த்தையைச் சிந்தவிட்டிருக்கிறார். அப்பா என் நகத்து மண்ணைப் பார்த்துவிட்டு அதைப் பொறுக்கிக்கொண்டார்.

இப்போது அதே கோயிலில் ஞாயிறு பள்ளி எடுப்பது நான். வருகிற ஞாயிறு ரூத் இரண்டாம் அதிகாரம். பாடத்தாளை நானே தட்டச்சு செய்து திண்டிவனத்தில் ஜெராக்ஸ் எடுத்தேன். கடைசிக் கோட்டுக்கு மேல் ஒன்றும் அடிக்கவில்லை. கதையைச் சொல்லிவிட்டு, இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்று ஆரம்பிக்காமல், அப்படியே விட்டுவிட்டு உட்காரப் போகிறேன். பிள்ளைகள் எதைப் பொறுக்குகிறார்களோ பொறுக்கட்டும். அதுவரை நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனா என்பதுதான் சந்தேகம். ஐந்து நிமிடம் முயன்று பார்க்கிறேன்.