நிற்காத மூச்சு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், கண்ணுங்களா. எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். போன ஈஸ்டருக்கு முன்னால், காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டு மாடியறையில் நடந்தது. ராத்திரிகூட இல்லை, நல்ல வெயில் நேரம். பயந்த மனசுக்காரர்கள் பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு படியுங்கள்.

சின்ன வயதில் சர்ச் பேண்டில் நானும் அகிலாவும் ட்ரம்பெட் ஊதுவோம். நான் மூச்செடுக்கும்போது அவள் சுரத்தைப் பிடித்துக்கொள்வாள். அவள் எடுக்கும்போது நான். கேட்பவர்களுக்கு ஒரே மூச்சாகத்தான் தெரியும். கல்யாணத்தோடு நான் விட்டுவிட்டேன். அவள் திருப்புட்குழிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

ஈஸ்டர் விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் ஊத ஆளில்லை. "நீங்க ஊதறீங்களாம்மா?" என்று பாஸ்டர் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ட்ரம்பெட்?' என்று தெருவே சிரித்தபோது, சண்டை போட்டு என்னை பேண்டில் சேர்த்தவள் என் அம்மா. அவள் அங்கேதான் படுத்திருக்கிறாள். அவளுக்காக ஒரு தரம் ஊதிவிட வேண்டும்.

மாலை நாலு மணிக்குப் பழக ஆரம்பித்தேன். முதல் நாள் வெறும் காற்று. அப்புறம் ஏதோ ஒரு சத்தம்.

"எதிர் வீட்ல கேக்கறாங்கடி, உங்க எருமை கன்னு போட்டுச்சான்னு," என்றார் என் வீட்டுக்காரர்.

"போட்டா சீம்பால் அனுப்பறோம்னு சொல்லுங்க."

இரண்டாம் நாள் சுரம் பிடிபட்டது. நீளமாக... சுத்தமாக.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மாடிப்படி ஏறினாலே எனக்கு இரைக்கும். இத்தனை வருஷம் தொடாதவளுக்குப் பத்து நிமிஷத்தில் உதடு மரத்துப்போக வேண்டும். மரத்துப்போகவில்லை. பாட்டு முழுவதும் ஊதி முடித்தேன். நெஞ்சில் இன்னும் காற்று மிச்சம் இருந்தது.

குளிர்ந்த காற்று.

வாயில் கிராம்பு வாசனை. நான் கிராம்பைத் தொடுவதே இல்லை. ஊதுவதற்கு முன் கிராம்பு கடிப்பவள் அகிலா.

மூன்றாம் நாள் வேண்டுமென்றே மூச்சை இழுக்காமல் இருந்தேன். நெஞ்சு அசையவில்லை...

சுரம் நிற்கவில்லை.

அகிலா செத்துவிட்டாளோ? போன் போட்டேன். அவள் மகள் சத்யப்ரியா எடுத்தாள்.

"அம்மா இருக்காங்க ஆன்ட்டி. மூணு நாளா மூச்சுத் திணறல். நாலு மணி ஆனா வந்துடுது. அப்புறம் தானா நின்னுடுது. டாக்டருக்கே ஒண்ணும் புரியல."

போனை வைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஊதிப் பார்த்தேன். ஒரே ஒரு பாட்டு.

உடனே போன்.

"ஆன்ட்டி, இன்னிக்கு இப்பவே வந்துடுச்சு..."

ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பாஸ்டரிடம் முடியாது என்றேன். ஈஸ்டர் அன்று அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன். நெஞ்சு ஆறவில்லை. இருந்தாலும் அகிலா எழுந்து நடமாடுகிறாள் என்று கேள்விப்பட்டபோது, போகட்டும் என்றிருந்தது.

அடுத்த வாரம் எனக்கு ஆரம்பித்தது.

காலை ஆறு மணி. வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். மூச்சு அடைத்தது. துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சரியானது.

மறுநாளும் ஆறு மணி.

அதற்கு மறுநாளும்...

அன்று மதியம் அகிலாவே கூப்பிட்டாள்.

"வடிவு, நானும் ட்ரம்பெட்டை எடுத்துட்டேன்டி. ஊதிக்கினே இருக்கலாம் போல இருக்குது. களைப்பே தெரியல."

"எப்ப... ஊதற?"

சிரித்தாள்.

"காலையில ஆறு மணிக்குத்தான்டி. நீ அந்நேரம் சும்மாதானே இருப்ப?"