உர்சினாவின் நாற்காலி

உர்சினாவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. வால்சூரா என்ற அந்த மலைக்கிராமத்தில் இதைச் சொல்லாத ஆளே இல்லை. பேக்கரியில் வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரின் முதுகுப்பையைப் பிடித்து, பட்டை சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பாள். காரில் ஏறினால் கணவன் ரேட்டோவின் சீட் பெல்ட்டை மூன்று தடவை இழுப்பாள்.

"ஏன்டி, நாம போறது மளிகைக் கடைக்கு. நான் எங்கடி விழப்போறேன்?" என்பான் அவன்.

பாராகிளைடிங் கொட்டகையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார் டூரி. கொட்டகைக்கும் பறக்கும் தொழிலுக்கும் அவர்தான் முதலாளி. "வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் புதுசாவே இருக்கு பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரிப்பார். அவள் நின்றுகொண்டே சூப் குடிப்பாள். நின்றுகொண்டே கணக்கற்ற சுற்றுலாக்காரர்களுக்குத் தலைக்கவசம் மாட்டுவாள். பிறகு பாராசூட் போன்ற பறக்கும் துணியை விரித்து, ஒவ்வொருவரையும் தன் முன்னால் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஓடி, வானத்தில் ஏறுவாள்.

ஆனால் பட்டையை இழுத்துப் பார்க்கும் பைத்தியம் பிறவிக் குணமல்ல. போன ஆகஸ்டில் பிடித்தது அது.

பறப்பதற்கு முன், எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று ஐந்து இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தலை, மார்பு, இடத்தொடை, வலத்தொடை, இரண்டு பேரையும் துணியோடு இணைக்கும் கொக்கிகள். நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்பத் தலையிலிருந்து தொடங்க வேண்டும். மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது. அன்று ஒரு பயணிக்கு மார்புவரை தொட்டிருந்தாள். புதுமணத் தம்பதி ஒன்று ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னது, எடுத்துக் கொடுத்தாள். கீழேயிருந்து வாக்கிடாக்கியில் டூரி, "காத்து திரும்புது, சீக்கிரம்!" என்று கத்தினார். திரும்பி வந்தவள் நேராகக் கொக்கியைத் தொட்டுவிட்டு ஓடினாள். இருபது வருட அனுபவம் இருக்கிறதே, அந்தத் திமிர்தான். வேறென்ன?

கால் தரையை விட்டதும் முன்னால் இருந்த ஆள் சரிந்தார். இரண்டு தொடைப்பட்டைகளும் காற்றில் ஆடின. உர்சினா தன் முழங்கால்களால் அவர் இடுப்பை இறுக்கி, ஒரு கையால் தோள்பட்டையைப் பிடித்து, மறு கையால் துணியின் கயிற்றை இழுத்து ஓட்டினாள். பன்னிரண்டு நிமிடம். புல்வெளியில் இறங்கியதும் அந்த மனிதர் வெளிறிப்போய்ச் சிரித்தார். "காத்து இன்னிக்கு கொஞ்சம் முரடு" என்று சொல்லிவிட்டாள். பச்சைப் பொய்.

அத்தோடு விட்டாளா? பறந்தபோது எடுத்த வீடியோ இருந்த மெமரி கார்டை வழக்கம்போல அவர் கையிலேயே கொடுத்தும் அனுப்பினாள். அவர் கார் வளைவில் மறைந்த பிறகுதான், ஆடிய பட்டைகள் அதில் பதிவாகியிருக்குமே என்று உறைத்தது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவள் நெஞ்சு ஒரு வருடமாக அடங்கவே இல்லை.

இந்த ஜூலையில் டூரி பதிவு நோட்டைப் பார்த்துச் சொன்னார்: "உனக்கு ரசிகர் வந்திருக்காருடி. போன ஆகஸ்ட்ல உன்கூடப் பறந்த ஹாலந்துக்காரர் பாஸ்டியான். நீதான் வேணும்னு பேரச் சொல்லிக் கேட்டாரு."

அவள் கையிலிருந்த கரண்டி சூப்பிலேயே விழுந்தது.

கேபிள் காரில் பாஸ்டியான் ஜன்னலோரம் நின்றுகொண்டார். பக்கத்தில் பத்தொன்பது வயது மகள் ஃபென்னா மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். மேலே போனதும் மகளை மரப்பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் தனியாக வந்து நின்றார். உர்சினா துணியை விரித்தாள், சுருட்டினாள், மறுபடி விரித்தாள். இவர் புகார் கொடுத்தால் தொழில் போயிற்று. பேசாமல் பறந்துவிட்டால் ஒருவேளை தப்பிக்கலாம். வீடியோவை அவர் பார்க்காமலேகூட இருந்திருக்கலாம், யார் கண்டது?

"சார்" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "போன வருஷம் உங்க தொடைப்பட்டையை நான் மாட்டல. காத்து மேல பழி போட்டேன். நீங்க செத்திருப்பீங்க. என் தப்புதான்."

பாஸ்டியான் தலையாட்டினார்.

"தெரியும். குளிர்காலத்துல வீடியோவைப் பார்த்தேன். உங்க ஆபீசுக்குக் கடிதம்கூட எழுதினேன், இன்னும் அனுப்பல. நீங்களா சொல்றீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன். சொல்லலேன்னா இதே கேபிள் கார்ல இறங்கி நேரா உங்க முதலாளிகிட்ட போயிருப்பேன்."

"இப்போ?"

"இப்போ நீங்களே போய்ச் சொல்லுங்க. இன்னிக்கே. நான் பறக்கமாட்டேன், அந்த வீடியோவைப் பார்த்ததுல இருந்து என்னால ஏணி மேலகூட ஏற முடியல. ஆனா என் பொண்ணு பறந்தே தீருவேன்னு நிக்கிறா. அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் உங்க முழங்கால் ஒரு இஞ்சுகூட விலகல. அதையும்தான் பார்த்தேன்." பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, "ஃபென்னா, வா!" என்றார்.

உர்சினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடங்கினாள். தலை. மார்பு. இடத்தொடை.

"அக்கா, மேல போனப்புறம் தும்மல் வந்தா என்ன பண்றது?"

"தும்மிக்க." மறுபடி தலை. மார்பு. இடத்தொடை. வலத்தொடை.

"அப்பா ஏன் இப்படி மூஞ்சிய வெச்சிருக்காரு?"

மறுபடி தலை.

"ஐயோ, எத்தனை தடவை? காத்து நின்னுடப் போகுது!"

"நிக்கட்டும். நீ வாயை மூடற வரைக்கும் இதேதான்டி அம்மா." மார்பு. இடத்தொடை. வலத்தொடை. கொக்கிகள். பாஸ்டியான் அருகில் வந்து, அவள் தொட்ட இடங்களையெல்லாம் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். உர்சினா தடுக்கவில்லை.

கீழே புல்வெளியில் இறங்கியதும் ஃபென்னா துள்ளிக் குதித்தாள். உர்சினா துணியை விரித்த மேனிக்கே விட்டுவிட்டுக் கொட்டகையை நோக்கி நடந்தாள்.

"என்னடி, மடிக்காம வந்துட்ட?" என்றார் டூரி.

"கதவைச் சாத்துங்க டூரி. போன ஆகஸ்ட்ல நடந்தது ஒண்ணு சொல்லணும்."

அவர் கதவைச் சாத்தினார். உர்சினா அந்தப் புது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.