தவக்காலத்து ஜிலேபி

செங்கல்பட்டில் நான் பிறந்த வீட்டில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்றால் மீன் நாள். இறைச்சிதானே கூடாது, மீனைப் பற்றித் திருச்சபை ஒன்றும் சொல்லவில்லையே என்று அம்மா காலையிலேயே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். வஞ்சிரம் வாங்க முடியாவிட்டாலும் சங்கராவாவது வந்துவிடும். மற்ற வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குச் சாம்பாரும் அப்பளமும்தான். ஆண்டவர் பாடுபட்ட காலத்தில்தான் நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம். இதில் ஏதோ இடிக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

கல்யாணமாகி சாலவாக்கம் பக்கம் வந்த பிறகுதான் வேறு மாதிரிக் கத்தோலிக்கர்களும் உண்டு என்று தெரிந்தது. என் மாமியாருக்கும் அதே பூசை, அதே செபமாலைதான். ஆனால் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கடைசிக் கறிக்குழம்பு தீர்ந்ததும், கறிச்சட்டி, மீன்சட்டி, வறுக்கிற கல் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, கோணிப்பையில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். ஈஸ்டருக்குத்தான் இறங்குமாம். அதுவரை கறி கிடையாது, மீன் கிடையாது, கருவாடு கிடையாது. முட்டைகூடக் கிடையாது.

"எங்க வூட்ல மீன் மட்டும் சாப்டுவோம் அத்தே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"கறி துன்னாம இருக்கறதுக்கு சுத்தபோசனம்னு பேரு வெச்சிக்கீறாங்க. மீனு சுத்தமா? மோந்து பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

மோந்து பார்க்கவாவது ஒரு மீன் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறொரு வருஷமாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அந்த வருஷம் என் மகள் வயிற்றில் இருந்தாள். மசக்கை பாடாய்ப்படுத்தியது. சோறு வேகிற வாசனைக்கே வாந்தி. ரசம், கஞ்சி, இட்லி எதுவும் உள்ளே தங்கவில்லை. போதாததற்கு ஏரியில் தண்ணீர் இறங்கி மீன் பிடிக்கிற காலம் அது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் எங்களைப் போலக் கிறிஸ்தவர்கள், பாதி வீடுகள் இந்துக்கள். அவர்களுக்கு என்ன தவக்காலம்? தினமும் எந்த வீட்டிலாவது மீன் வறுத்தார்கள். சோற்று வாசனைக்குத் தலைதெறிக்க ஓடுகிற நான், பக்கத்து வீட்டு அக்கா மீன் வறுக்கும்போது துணி காயப்போடுகிற சாக்கில் சுவரோரம் போய் நின்றேன். காய்ந்த துணியையே மறுபடி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஏரி ஜிலேபி. உள்ளங்கை அகலத்தில் தட்டையாக, முள்ளும் சதையுமாக இருக்கிற மலிவான மீன். அந்த மீனுக்கு யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ தெரியாது, அவர்களால்தான் அடுத்து வந்த வினை எல்லாம்.

என் வீட்டுக்காரர் அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உத்திரமேரூர் வந்து இறங்கி, அங்கிருந்து வண்டியில் வருவார். ஒருநாள் மதியம் அவருக்கு போன் போட்டேன். பக்கத்திலேயே மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். விளக்கமாகப் பேச வழியில்லை.

"வரும்போது ஜிலேபி வாங்கிக்கினு வாங்க."

"ஜிலேபியா?"

"ம். அதான்."

"எவ்ளோ?"

"நெறைய."

மாமியார் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கீரையில் கண்ணை வைத்தார். என் திட்டம் என்னவென்றால், வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் வறுத்தே வாங்கி வருவார், தோட்டத்துப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு, முள்ளைக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம். இதை அவரிடம் சொல்லவில்லை. இதெல்லாம் சொல்லாமலே புரியும் என்று நம்புகிற அளவுக்குக் கல்யாணம் புதுசு.

சாயங்காலம் பை கனமாகத்தான் வந்தது. வாங்கிக்கொண்டு நேரே பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். உள்ளே ஸ்வீட் கடைப் பெட்டி. திறந்தால், செக்கச்செவேல் என்று பாகு சொட்டச் சொட்ட ஜிலேபி, சுற்றுச் சுற்றாக அடுக்கியிருந்தது.

மசக்கைக்காரிக்கு அழக் காரணமே வேண்டாம். எனக்குக் காரணமும் இருந்தது. உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அவர் பதறிப்போனார். "இன்னாமே, நீதான கேட்ட? சூடா போடச் சொல்லி நின்னு வாங்கியாந்தேன்."

"நான் கேட்டது ஏரி ஜிலேபி."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சமையற்கட்டைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. என் அழுகை இன்னும் பெரிதாகி, மாமியாரே வந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு அழுவுறா?"

அம்மாவிடம் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாமியார் பெட்டியிலிருந்து ஒரு ஜிலேபியை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்று, "இதுவும் நல்லாதான் கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இனிப்புக்கு அவர் சட்டத்தில் தடை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் கோவில் வாசலில் ஃபாதரை நிறுத்தி, தன் அம்மாவை வைத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். ஃபாதர் சிரித்தார்.

"கர்ப்பிணிகளுக்கு இந்தக் கட்டுப்பாடே கிடையாதும்மா. அதுவுமில்லாம மீன் இறைச்சியில சேராது. தாராளமா சாப்பிடட்டும்."

"சரிங்க சாமி" என்று மாமியார் கைகூப்பினார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. தெருமுனை திரும்பியதும் மாமியார் சொன்னார்: "சாமி சொல்லிட்டாரு. சாமியா வந்து எம் பரண்மேல ஏறி சட்டி எறக்கப் போறாரு?"

ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலையில் மாமியார் ஒரு பையோடு ஏரிப் பக்கம் போனார். திரும்பி வந்தவர் எங்கள் வீட்டைத் தாண்டி நேரே பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "மே, இங்க வா."

போனேன். பக்கத்து வீட்டு அக்காவின் தோட்டத்தில், மாமியார் குந்தியபடி கல்லில் மீனை உரசிச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். ஏரி ஜிலேபி. சில மீன்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன.

"எஞ் சட்டிதான் எறங்காது. இவ சட்டிக்கு இன்னா வந்துது? இவ சட்டி கிறிஸ்டியனா?" என்றார் என்னைப் பார்க்காமலே.

அக்கா சிரித்தார். "புரட்டாசியில எங்க வூட்டுக்காரரு உங்க வூட்ல கோழி துன்னாரு. இப்ப உங்க மருமவ எங்க வூட்ல மீனு துன்னட்டும். சரியாப் போச்சி."

மாமியாரின் கை நின்றது. "உனக்குத் தெரியுமா அது?"

"வாசன எங்களுக்கும்தான வருது."

பச்சை மீன் நாற்றம் எனக்கு ஆகாது என்று என்னை வாசல் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே மாமியார் குழம்பு கூட்டினார். கொதி வந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. மாமியாருக்குத் தவக்காலம், நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். "நீ பாரேன்" என்று அக்காவிடம் கரண்டியை நீட்டினார்.

"இன்னிக்கி சனிக்கெழம, நான் கவிச்சி தொடமாட்டேன்."

"உஞ் சட்டியில கொதிக்கிதே."

"எனக்குத்தான் சனிக்கெழம. சட்டிக்கு இல்ல."

இரண்டு பேரும் மாறி மாறி ஆவியை மோந்து பார்த்தார்கள். உப்பு குறைவு என்று மாமியாருக்குத் தோன்றியிருக்கிறது, போட்டார். அவர் கொத்தமல்லி கிள்ள வெளியே வந்த நேரத்தில் அக்காவுக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது.

தட்டில் சுடுசோறும் குழம்பும் வந்தன. ஒரு வாய் வைத்தேன். கடல்நீரில் வேகவைத்தது போலிருந்தது. இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்கள்.

"எப்டி கீது?"

"நல்லா கீது அத்தே."

பொய்யும் இல்லை. சோற்றை நிறையப் போட்டுப் பிசைந்து, முள்ளை உறிஞ்சி, தட்டில் இருந்த மீன் முழுவதையும் தின்று தீர்த்தேன். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர். வாந்தி வருமா என்று மூன்று பேரும் காத்திருந்தோம். வரவில்லை. பல நாளுக்குப் பிறகு என் வயிற்றில் தங்கிய முதல் சாப்பாடு அதுதான். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாய நல்லா கொப்புளிச்சிட்டு நம்ம வூட்டுக்குள்ள வா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அதற்குப் பிறகு, ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வரைக்கும் நினைத்தபோதெல்லாம் பக்கத்து வீட்டில் எனக்கு மீன் வெந்தது. சனிக்கிழமை மட்டும் தவிர்த்தார்கள். பரிசுத்த வாரத்தில் மாமியார் அதையும் நிறுத்தினார், நானும் கேட்கவில்லை.

ஈஸ்டர் அன்று பரணிலிருந்து சட்டிகள் இறங்கின. பூசை முடிந்து வந்ததும் ஆட்டுக்கறி அடுப்பேறியது. வீடே மணத்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்த வாசனை வந்ததும் குடலைப் புரட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடி, அக்காவிடம் ரசம் சோறு வாங்கித் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் தட்டோடு சுவரருகே வந்து என்னை எட்டிப் பார்த்தார்.

"தவக்காலம் பூரா மீனுக்கு அழுத. இன்னிக்கி கறியப் பாத்து ஓடுற. வயித்துக்குள்ள கீறது எந்த சபைன்னே தெரியலியே" என்றவர், எனக்கென்று கொண்டுவந்த நல்லி எலும்பை எடுத்துத் தானே உறிஞ்ச ஆரம்பித்தார்.