தரகனும் நானும் ஒரு சஹனும்

போன சனிக்கிழமை என்னை ஒருவர் நவதாராளவாதி என்று சொல்லிவிட்டார். அதுவும் மைக்கில்!

சாய்ந்தமருதில் ஒரு கருத்தரங்கு. வெள்ளைக்காரர்கள் அலைச்சறுக்க வரும் அறுகம்பேயில் நம் பிள்ளைகள் கெஸ்ட் ஹவுஸ் நடத்திப் பிழைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். அவ்வளவுதான். றியாஸ் என்ற இளம் விரிவுரையாளர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"சேர் கதைக்கிறது அப்பட்டமான நவதாராளவாதம்!"

கைதட்டல். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. "அப்படியெண்டா என்ன தம்பி?" என்று கேட்டேன். எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடுவது என்றார் அவர். இல்லை, கடன் தருகிறவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்றார் பக்கத்தில் இருந்தவர். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்களுக்குப் பிடிக்காததெல்லாம் அதுதான் சேர்!"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பின்வரிசைக் குரல்... வாலிப வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் 'நவதாராளவாதம்' என்ற சொல் எங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. 'திறந்த பொருளாதாரம்'தான் வந்திருந்தது. துணிக்கும் பாணுக்கும் கியூவில் நின்ற பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். வெளிநாட்டுத் துணி வந்து குவிய, மருதமுனையில் தறிச் சத்தம் குறைந்தது. இரண்டுமே உண்மை. என் காதில் விழுந்தது தறிச் சத்தம் மட்டும்.

அப்போது நான் பள்ளிக்கூட ஆசிரியன். வாசிப்பில் கம்யூனிஸ்ட். என் நண்பன் அன்சாரும் ஆசிரியன்தான். பின்னேரங்களில் கல்முனைக் கடற்கரையில், கரைக்கு இழுத்துவிட்ட தோணிகளுக்கு நடுவே இருந்து நாங்கள் உலகத்தைத் திருத்துவோம். நான் எந்தப் பெரிய சொல்லை எடுத்தாலும் அவனிடம் ஒரே கேள்விதான்.

"சரி மச்சான், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? எனக்கு விளங்கச் சொல்லு."

எரிச்சலாக இருக்கும். மறுநாள் அந்தக் கேள்விக்காகவே போவேன்.

ஒரு நாள் அவன் ஆசிரியத் தொழிலை விட்டான். டவுனில் கடை திறந்தான். ரேடியோ, கெசட், மைக் செட்... எல்லாம் ஜப்பான்.

எனக்கு அது துரோகமாகப் பட்டது. ஒரு பொதுக்கூட்டத்தில் பெயர் சொல்லியே முழங்கினேன் — "அன்சார் அந்நிய முதலாளிகளின் தரகன்!" நல்ல கைதட்டல். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டத்துக்கு வாடகை வாங்காமல் மைக் செட் தந்தவனே அவன்தான். முடிந்த பிறகு வயரைச் சுருட்ட வந்தான்.

"சத்தம் எப்படி மச்சான்? கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும். ஜப்பான் சாமானெல்லா!"

சிரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "தரகன் எண்டு என்ன அர்த்தத்தில சொன்னாய்?"

யாரோ கூப்பிட்டதுபோல் நான் கூட்டத்துக்குள் நகர்ந்துவிட்டேன்.

சில வாரங்களில் நிந்தவூரில் எங்கள் கூட்டாளி ஒருவனுக்குக் கலியாணம். எங்கள் கலியாணங்களில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டத்தில் சோறு, சுற்றிவர ஆறு பேர். ஆறாவது ஆள் வந்து உட்காரும்வரை மற்றவர்கள் கை வைக்கமாட்டார்கள். அன்சாரின் சஹனில் ஐந்து பேர்தான். அவனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

"வா மச்சான், குந்து. ஏகாதிபத்தியம் ஒரு ஓரமா நிக்கட்டும். சோறு ஆறுது."

"தரகனோட ஒரு சஹன்ல நான் கை வைக்க மாட்டன்."

"என்ன தம்பி, சோத்துக்குள்ளயும் அரசியலா?" என்றார் ஒரு பெரியவர். அன்சார் என்னையே பார்த்தான். பிறகு எழும்பினான்.

"நான் போறன். அவன் குந்தட்டும். கொள்கைக்குப் பசிக்காது, இவனுக்குப் பசிக்கும்."

கழுவிய கை காயுமுன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் என்ன செய்தேன்? உட்கார்ந்தேன். இன்னொருவரைக் கூப்பிட்டு ஆறு பேராக்கினார்கள். நான் சாப்பிட்டேன் — அன்சார் இருந்த இடத்திலேயே இருந்து, வயிறு நிறைய. இத்தனை வருடமாகப் பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுதுகிறேன். இதை மட்டும் எழுதியதில்லை.

எண்பதுகளில் ஒரு கலவரத்தில் அவன் கடை எரிந்தது. ஊரே போய்ப் பார்த்தது. நான் தெரு முனைவரை போய்த் திரும்பினேன். என்ன முகத்தோடு போவது? அவன் குடும்பத்தோடு கொழும்புக்குப் போனான். பெருநாளுக்கு ஊருக்கு வந்துபோவதாகக் கேள்விப்படுவேன். அடுத்த பெருநாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பேன்...

ஒரு நாள் விடிகாலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மைக்கில் அவன் பெயர் சொன்னார்கள். ஜனாஸா நல்லடக்கம் கொழும்பில் என்றார்கள். அவன் பெயரை நம் ஊர் மைக்கில் முதலில் சொன்னவன் நான்.

தறிகளுக்காகப் பேசியது பிழை என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் பேசுவேன். கொள்கைகளுக்குப் பெயர் வைக்கத்தான் வேண்டும், சண்டையும் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெயரை ஒரு மனிதனின் நெற்றியில் ஒட்டிய பிறகு அவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நான் பார்க்கவில்லை.

இப்போதும் பின்னேரங்களில் கடற்கரைக்குப் போகிறேன். போகிற வருகிறவர்கள் ஸலாம் சொல்கிறார்கள். நான் சொல்வதையெல்லாம் ஓம், ஓம் என்று கேட்கிறார்கள். அர்த்தம் கேட்கத்தான் ஆளில்லை.

சனிக்கிழமைக் கதை முடியவில்லை. கருத்தரங்குக்குப் பிறகு பகல் சாப்பாடு. சஹன்தான். நான் சுவரோரமாக நின்றேன். இப்படியான இடங்களில் எனக்கு இன்னும் கால் கூசும். றியாஸ் உட்கார்ந்தபடியே கையை அசைத்தார்.

"சேர், இஞ்ச வாங்க! அஞ்சு பேர் உங்களப் பாத்துக்கிட்டு இரிக்கம்."

"நவதாராளவாதியோடவா தம்பி?"

"ஓம் சேர். திண்டுட்டு மிச்சத்தக் கதைப்பம். நான் விடுறதா இல்ல!"

போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளி வைத்தார். ஆறு பேரும் சோற்றில் கை வைத்தோம்.

அன்றைக்கு நான் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான், மச்சான் — குந்துவது.