பொறுப்பாளர் இல்லாத பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில், தி.நகர் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கம்பெனியில் இன்ட்ராநெட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆபீசுக்குள் மட்டும் தெரிகிற வெப்சைட் அது. ஆரம்பித்த புதிதில் ஒவ்வொரு டிபார்ட்மென்டும் தனக்கொரு பக்கம் வேண்டுமென்று போட்டி போட்டது. முதல் பக்கத்தில் யார் படம் மேலே வருவது என்பதில் இரண்டு மேனேஜர்களுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. பக்கங்கள் வந்த பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் மாடி மாடியாக ஏறி, "சார், உங்க பக்கத்துல ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்பேன். "அப்புறம் பாக்கலாம்மா." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஒருநாள் மதியம், அக்கவுன்ட்ஸில் இருந்த ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். அவருக்கு நினைவில்லை. கூட இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்குச் சொல்ல வேண்டுமே. ஊழியர் விவரப் பக்கத்தில் ஒரு மாம்பலம் நம்பர் இருந்தது. போனை எடுத்தது அவருடைய பழைய வீட்டுக்காரம்மா.

"அவங்க காலி பண்ணி ரொம்ப நாளாச்சே. அடையார் பக்கம்னாங்க. எந்தத் தெருன்னு தெரியலியே. ஏன், எதனா பிரச்சினையா?"

அக்கவுன்ட்ஸ்காரரின் மகள் கோபாலபுரத்தில் ஒரு ஸ்கூலில் படிப்பதாக ஆபீசில் யாரோ சொன்னார்கள். ஆட்டோ பிடித்துப் போனேன். வகுப்பிலிருந்து கூட்டி வந்தார்கள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லம்மா. அம்மாவையும் கூட்டிண்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம். வீட்டுக்கு வழி சொல்றியா?" அந்தப் பெண் அடையார் வரைக்கும் தண்ணீர் பாட்டிலின் வாரைப் பிடித்தபடி, "லெஃப்ட்டு, ரைட்டு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு திரும்பியிருந்தது. நாக்கு குழறியது. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "புது அட்ரஸ் குடுத்திருந்தேனேம்மா" என்றார்.

குடுத்துத்தான் இருந்தார், ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் டிபார்ட்மென்டில். அவர்கள் நான் மாற்றிவிடுவேன் என்று நினைத்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பர்சனல் மேனேஜர், "கம்ப்யூட்டர்ல இருக்கறதெல்லாம் உங்க பொறுப்புதானே?" என்றார்.

"கம்ப்யூட்டர் என் பொறுப்பு சார். அதுல இருக்கற அட்ரஸ் உங்க பொறுப்பு." சண்டை போடத் தெம்பில்லாமல், மெதுவாகத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தேன்: ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதற்குப் பொறுப்பானவர் பெயரும், கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எடுத்துவிடுவேன். ஊழியர் விவரத்துக்குப் பர்சனலில் ஒருவர் பெயர் கொடுத்தார்கள். மற்ற பக்கங்களில் பாதிக்கு மேல், பெயர் கொடுக்க ஆளில்லாமல், போய்விட்டது. அக்கவுன்ட்ஸ்காரர் சில மாதம் கழித்து, இடது கையை லேசாகத் தாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மேனேஜர் மூச்சு வாங்க என் மாடிக்கு ஏறி வந்தார். "என் பக்கத்தைக் காணோமே?"

"அடியில யார் பேர் போடட்டும், சார்?"

"உங்க பேரையே போட்டுடுங்களேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் போடவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.