அம்மா நடக்கத் தொடங்கிய வருடம்

ஊறிய வெந்தயத்துக்கு ஒரு வாசம் உண்டு. கசப்பும் லேசான இனிப்புமாக, மழையில் நனைந்த சாக்குப்பைபோல மூக்கில் ஒட்டிக்கொள்ளும் அந்த வாசம் எங்கிருந்து வந்தாலும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடத்தின் விடியற்காலைகள் எனக்கு நினைவுக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் பொழுது விடிவது காப்பி மணத்தோடுதான். அந்த வருடம் ஒரு டம்ளர் வெந்தயத் தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அப்போது நாங்கள் செல்வபுரத்துக்கும் உக்கடம் குளத்துக்கும் நடுவில் ஒரு "லைன் ஊட்டில்" குடியிருந்தோம். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள், நடுவே ஒரு பொது வாசல், அதன் மூலையில் சிறுவாணித் தண்ணீர்க் குழாய், அதை ஒட்டித் துவைக்கிற கல். அப்பா லேத்துப் பட்டறையில் டர்னராக இருந்தார். எங்கள் உடம்பைப் பற்றிய கவலை முழுவதும் அம்மாவுடையது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சளி பிடித்தால் "சுக்குமல்லிக் காப்பி", பரீட்சைக்கு முன்னால் வேப்பங்கொழுந்து, சோற்றை அள்ளி விழுங்கினால் தன் அப்பா, எங்கள் அப்புச்சி, சொன்னதாக "நொறுங்கத் தின்னா நூறு வயசு" என்ற ஒரு அதட்டல் என்று எங்களுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் அவளோ, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடியே வழித்துத் தின்பாள். தனக்கும் ஒரு உடம்பு இருக்கிறது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்ததாகவே தெரியவில்லை.

ஞாபகப்படுத்தியது அந்தத் துவைக்கிற கல். ஒருநாள் அதன் முனையில் இடித்துக் கால் கட்டைவிரல் கிழிந்தது. அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு வேலையைப் பார்த்தாள். வாரங்கள் போயின, புண் ஆறவில்லை. விரல் கறுத்து வீங்கியதைப் பார்த்த பிறகு அப்பா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "சர்க்கரை நெம்ப இருக்குதுங்கம்மா. இத்தனை நாளா எப்படித் தாங்குனீங்க?" என்றார்.

திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் அம்மா கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தொண்டாமுத்தூரில் இருந்த அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கடைசி மாதங்களில் அவரைப் பார்த்துக்கொண்டது அம்மாதான். "அம்மணி, பாதம் அரிக்குது, சித்தெ சொறிஞ்சு வுடு" என்று இல்லாத காலைக் காட்டி அவர் கேட்பாராம். அம்மா அந்த வெறும் பாயைச் சொறிந்துவிடுவாளாம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் அவள் அப்பாவிடம், "என்ற காலையும் எடுத்துருவாங்களாங்க?" என்று கேட்டாள். அப்பா அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தெருவில் அவர் அம்மாவின் கையைப் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாத்திரையாலும் தினமும் மருந்து வைத்துக் கட்டியதாலும் புண் மெல்ல மெல்ல ஆறியது. வீட்டின் பழக்கங்கள் ஒவ்வொன்றாக மாறின. அரிசியும்பருப்புஞ்சோறு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. இரவில் ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும் வந்தன. தீபாவளிக்கு வெல்லக் கச்சாயத்தை அம்மா சுட்டுவிட்டுத் தின்னாமல் முகர்ந்து மட்டும் பார்த்தாள். தினமும் இரண்டு பாதங்களையும் யாராவது உற்றுப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், சாயங்காலம் டியூப்லைட்டுக்கு அடியில் அம்மா கால் நீட்டி உட்கார, நான் அந்த வெடித்த உள்ளங்கால்களைத் தடவித் தடவிக் கீறல் ஏதும் இருக்கிறதா என்று தேடுவேன். அவளுக்குக் கூச்சமாக இருக்கும். "போதும் கண்ணு, அம்மா காலை அம்மா பாத்துக்கறேன்" என்று இழுத்துக்கொள்வாள். நான் விடமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டவள் ஒன்றுக்கு மட்டும் மல்லுக்கட்டினாள்.

"தெனமும் காத்தால நடக்கோணுங்க," என்றார் டாக்டரம்மா.

"ஊட்டு வேலைல நாள் முச்சூடும் நடந்துட்டேதானுங்க இருக்கறேன்."

"அது கணக்குல வராதுங்க. கையை வீசிட்டு, வேர்க்க வேர்க்க, எங்கீமு நிக்காம நடக்கோணும்."

இன்று படிக்கிறவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். ஒரு வேலையும் இல்லாமல், வெறுங்கையோடு, ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் வீதியில் வேகமாக நடப்பது என்பது எங்கள் தெரு அதுவரை காணாத காட்சி. கோலம் போடுகிறவர்கள் எல்லோரும் நிமிர்ந்து, "ஏனுங் அம்மணி, எங்கீங் இத்தன அவசரமா? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்பார்கள். உடம்பு சரியில்லாதது தனக்குத்தான் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. அதனால் முதல் வாரம் கையில் ஒரு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகிறவள்போலப் போனாள். அதில் வேறு வினை வந்தது. "பாலுக்கா போறீங்க? எங்களுக்கும் ஒரு சொம்பு வாங்கியாந்துருங்க" என்று ஆளுக்கொரு பாத்திரத்தை நீட்டிவிட்டார்கள். கையை வீசி நடக்கச் சொல்லப்பட்ட அம்மா, இரண்டு கையிலும் தெருவாரின் பாலைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு பூனைபோல அடிமேல் அடிவைத்து வீடு வந்து சேர்ந்தாள். அப்பா சிரித்த சிரிப்பில் ஷேவிங் சோப்பு நுரை கண்ணாடியெல்லாம் தெறித்தது.

அதன் பிறகுதான் உக்கடம் குளத்துக் கரை. அந்தக் கரையில் அப்போது கோலம் போட வாசல் இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை. மண் பாதை, இருபக்கமும் சீமைக்கருவேலம், தண்ணீர் முழுக்க ஆகாயத்தாமரை, அதற்குள் கொக்கு. தனியாகப் போக வேண்டாம் என்று அப்பா என்னைத் துணைக்கு அனுப்பினார். அப்பா வாங்கித் தந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை அம்மா மஞ்சள் பைக்குள் மறைத்து எடுத்து வந்து, கரை ஏறியதும் ஒரு கல்லில் உட்கார்ந்து போட்டுக்கொள்வாள். நாலைந்து நாள் நிம்மதியாக நடந்தோம். பிறகு ஒரு காலையில், எங்களுக்கு முன்னால் அதே கரையில் ருக்கு அத்தை நடந்துகொண்டிருந்தார்.

ருக்கு அத்தை எங்கள் எதிர் வீடு. அவருடைய வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர். இருட்டோடு டூட்டிக்குப் போய்விடுவார். மகளைப் பல்லடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டதால் பகலெல்லாம் அத்தை தனிதான். அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்று இரண்டு தீபாவளி கடந்திருந்தது. சிறுவாணித் தண்ணீர் வந்த ஒரு காலையில், குழாயடி வரிசையில் யாருடைய குடத்தை யார் நகர்த்தினார்கள் என்பதில் தொடங்கிய சண்டை அது. அதற்கப்புறம் எல்லாம் சாடைப் பேச்சுதான். அம்மா காக்கையைப் பார்த்து ஒன்று சொன்னால், அத்தை முருங்கை மரத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். எதிர் வீட்டிலிருந்தும் வெந்தய வாசம் வந்தபோது அம்மா, "நம்மளப் பாத்துத்தான் அவளும் பண்றா" என்றாள். அத்தைக்கும் சர்க்கரை, அதே டாக்டரம்மா, அதே புத்திமதி என்பது கரையில் பார்த்தபோதுதான் புரிந்தது.

அம்மா ஒரு நொடி நின்றாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வேகம் பிடித்தாள். அத்தை நெடுநெடுவென்று உயரம், எட்டி வைக்கிற நடை. அம்மா குள்ளம், பொடி நடை, ஆனால் சளைக்காத நடை. மதகுக்குப் பக்கத்தில் அம்மா அத்தையைத் தாண்டினாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் அத்தை அம்மாவைத் தாண்டினார். முந்தியவர் தலை நிமிர்ந்து போவார். பிந்தியவர் முந்தானையைச் சரிசெய்கிறவர்போல நின்று மூச்சு வாங்குவார். இருவருக்கும் நடுவில் நான் ஓட்டமும் நடையுமாக இளைத்தேன். "டாக்டரம்மா சொல்லிக் கேக்காதவ, ருக்குமணி சொல்லாமயே கேக்கறா" என்று அப்பா சொல்வார். அந்த மாதம் ரத்தம் பார்த்தபோது அம்மாவின் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கரையில் ஆளைத் தள்ளியது. அம்மாவுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று அத்தை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னதாகவே கிளம்பத் தொடங்கியிருந்தார். ஒரு காலையில் நாங்கள் மதகை நெருங்கியபோது அவர் கரையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனாள். நானும் போனேன். கொஞ்சத் தூரம் போனதும் அம்மா நின்றுவிட்டாள்.

"கண்ணு, அவ நடுவுல ஒக்காந்து நாம பாத்ததே இல்லியே," என்றாள்.

திரும்பி ஓடினோம். அந்தக் குளிர்காற்றிலும் அத்தையின் முகம் வேர்த்துக் கொட்டியது. கைகள் உதறின. கண் எங்கேயோ பார்த்தது.

"ஏனுங் அக்கா, என்னாச்சுங்?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மா அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அத்தை நாக்குக் குழற, "ஒண்ணுமில்லீங். நீங்க போங்க," என்றார்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"போட்டுட்டு என்னத்தத் தின்னீங்க?"

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா வைத்திருக்கச் சொன்ன ஆரஞ்சு மிட்டாய்கள் அதில் இருந்தன. "வாயத் தொறங்க."

"வேண்டாங். சர்க்கரைங்..."

"அட, தொறங்கங்கறேன்!"

மிட்டாயை அத்தையின் வாயில் திணித்து, கன்னத்தைத் தட்டித் தட்டிக் கடிக்கவைத்தபடியே, "நெறையாச் சக்கரை போட்டு ஒரு டீ வாங்கிட்டு ஓடியா," என்று என்னை விரட்டினாள். கரை முடிகிற இடத்தில், அம்மாவுக்கு எப்போதும் சர்க்கரையில்லாத டீ தரும் டீக்கடைக்காரர், "அம்மாவுக்குச் சக்கரை ஆகாதே கண்ணு?" என்று சந்தேகத்தோடு கேட்டார். அவருக்குப் பதில் சொல்லி டீயைச் சிந்தாமல் கொண்டுவருவதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் வந்தபோது அத்தையின் தலை அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தது. அம்மா தன் சேலைத் தலைப்பால் அவருடைய கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டீ உள்ளே போய்ச் சற்று நேரத்தில் அத்தையின் கண்ணில் வெளிச்சம் வந்தது. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்கு முன்னால போயிரோணும்னு வெறும் வவுத்தோட வந்துபோட்டேனுங்," என்றார்.

அம்மா காலி டீ டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "நானும் நாளைக்கு உங்களுக்கு முன்னால எந்திரிக்கோணும்னு இந்தப் பாப்பாவோட அலாரத்தை எடுத்து வெச்சிருக்கறேனுங்," என்றாள். அத்தைக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதாள். "எங்கப்பனுக்குக் கால் போச்சுங்க்கா. எனக்கும் போயிருமோன்னுதானுங்க இப்படிப் பேய் மாதிரி நடக்கறேன்," என்றாள். அந்தப் பயத்தை அவள், பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்குப் பிறகு, எங்கள் யாரிடமும் சொன்னதில்லை, அத்தையிடம்தான் சொன்னாள். அத்தை நடுக்கம் தீராத கையால் அம்மாவின் முழங்காலைத் தடவிக்கொடுத்தார். "போகாதுங் அம்மணி. நானும் கூட வாரனில்ல," என்றார்.

இருவரும் கைகோத்து லைனுக்குள் நுழைந்ததைப் பார்த்துக் குழாயடியில் நின்றவர்கள் குடம் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாய் களியைத் தின்றுவிட்டு ஒன்றாகக் கிளம்பினார்கள். கேன்வாஸ் ஷூவை ஒளித்து வைக்கிற வேலையும் அத்தோடு நின்றது. ஒருத்தி மட்டும் ஷூ போட்டுப் போனால் கேலி செய்யலாம். இரண்டு பேர் பேசிக்கொண்டே போனால் யாரும் கேலி செய்வதில்லை.

ஆனால் இரண்டு வருடப் பேச்சு பாக்கி கிடந்ததே! நடை அன்ன நடையாயிற்று. பல்லடத்துச் சம்பந்தி வீட்டுக் கதைக்கு நடுவில் நின்று நின்று போனார்கள். அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது இருவருக்குமே சர்க்கரை ஏறியிருந்தது. "சண்டையா இருந்தப்பவே நல்லாயிருந்தீங்களே!" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: போகும்போது பேச்சில்லை, யார் முந்துகிறார்களோ முந்தட்டும், திரும்பி வரும்போது பேசிக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தத்தை இருவரும் வருடக்கணக்கில் மீறவில்லை. போகிற வழியில் பரம எதிரிகளாகவும் வருகிற வழியில் அக்கா தங்கையாகவும் அவர்கள் நடந்ததைப் பார்த்து, விஷயம் தெரியாத டீக்கடைக்காரர் கடைசிவரை குழம்பியேதான் இருந்தார்.

லைன் வீடுகளை இடித்து வெகுகாலம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. ருக்கு அத்தை வயதாகி, இரண்டு காலும் பத்திரமாக, பல்லடத்தில் மகள் வீட்டில் கண்ணை மூடினார். குளத்துக் கரைக்குக் கல் பாவி, விளக்குப் போட்டு, பெஞ்சு போட்டுவிட்டார்கள். காலையில் அங்கே ஊரே நடக்கிறது. சேலைக்கு ஷூ போட்ட பெண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கும் போன வருடம் சர்க்கரை வந்துவிட்டது. நானும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறேன். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மாவைப் பயமுறுத்திய அந்தக் கேள்விக்காகச் சில நாள் நான் ஏங்குவதுண்டு.

போன மாதம் அம்மாவைக் கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிவிட்டாள், முட்டி தேய்ந்துவிட்டதால் கொஞ்சம் நடந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எங்களைத் தாண்டி ஒரு இளம்பெண் கையை வீசிக்கொண்டு விர்ரென்று போனாள். அவள் மதகைத் தாண்டி மறைகிறவரை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ருக்கு அக்கா இருந்திருந்தா அந்தப் புள்ளைய முன்னால வுட்டிருக்க மாட்டாங்க," என்றாள்.